ஒரு மாசம் வீட்டுச் சாப்பாடு மட்டும்: வாசகர் கேள்வி – பதில்

தக்கலை வாசகி ஒருவர், தன் குடும்பம் ஒரு மாதம் முழுக்க வீட்டில் சமைத்ததை மட்டும் சாப்பிடப் போகிறது, ஓட்டல் கிடையாது, பேக்கரி கிடையாது, தட்டுக்கடை கிடையாது, யோசனை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் சில வரிகளைப் போன இதழில் போட்டதுதான் தாமதம், குமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஆளாளுக்குப் பேனாவை எடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் "நாங்களும் தொடங்குகிறோம்" என்கிறார்கள், மீதிப் பேர் "ஒரு வாரம் தாண்டாது" என்று பந்தயம் கட்டுகிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான். முடி கொட்டுவதும் மாங்காய் ஊறுகாய் பூத்துப்போவதும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருவேன். கணவருக்கு நாகர்கோவிலில் வேலை. மகன் பத்தாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. அத்தையும் எங்களோடு இருக்கிறார்கள். கணவருக்கு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று வந்ததும், "வாற ஒண்ணாம் தேதியில இருந்து ஒரு மாசம் வீட்டுச் சாப்பாடுதான், வெளிய ஒரு வடை கூட கிடையாது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் ஆசைதான். ஆனால் இதை எப்படி ஓட்டுவது? எங்கே சறுக்கும்?
*(தக்கலை வாசகி)*

பதில்: சொன்னவர் யார், அரைக்கப்போகிறவர் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். உங்கள் கடிதத்தில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள், சமைக்கிறவர் ஒருவராகத்தான் தெரிகிறார். மெனு எழுத எடுத்த தாளை ஓரமாக வையுங்கள். இன்னொரு தாளை எடுத்து, ஒரே ஒரு அவியல் மேசைக்கு வருவதற்குள் என்னென்ன வேலை நடக்கிறது என்று உங்கள் கணவரை எழுதச் சொல்லுங்கள். "காய் நறுக்கணும், தேங்காய் அரைக்கணும்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார், பாருங்கள். தேங்காய் உரிக்க வேண்டும், உடைக்க வேண்டும், துருவ வேண்டும், சேனை நறுக்கினால் கை அரிக்கும், முருங்கைக்காயும் வெள்ளரிக்காயும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும், மிக்சி ஜாரில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டு அலசிக் கறியில் சேர்க்க வேண்டும், அப்புறம் அந்த ஜாரைக் கழுவ வேண்டும், பிளேடுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் துருவலை ஈர்க்குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். இதில் ஒன்றுகூட அவர் தாளில் இருக்காது. நம் மாவட்டத்தில் தேங்காய் இல்லாத கறி அபூர்வம் என்பதால், மற்ற ஊரில் வீட்டுச் சாப்பாடு என்றால் தாளிப்பதோடு முடியும் வேலை இங்கே தினமும் துருவலும் அரைப்புமாகக் கூடிவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால்தான் ஒரு மாதம் ஓடும்.

அதனால் என் முதல் யோசனை: தேங்காயும் மீனும் உங்கள் கணவர் பொறுப்பு. தேங்காயை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உரித்து, உடைத்து, துருவி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், இரண்டு மூன்று நாளைக்குச் சேர்த்தே செய்துகொள்ளலாம். மீன் வாங்கி வருவதோடு வேலை முடிந்ததாக அவர் நினைக்கக்கூடாது, செதிள் போக்கி, குடல் எடுத்து, கல்லுப்பு போட்டு உரசிக் கழுவி, சட்டியில் போடும் நிலையில் தர வேண்டும். பத்தாம் வகுப்புப் பையனுக்குப் படிப்பு இருக்கிறது என்று விதிவிலக்குக் கொடுக்காதீர்கள், தன் தட்டையும் அந்த மிக்சி ஜாரையும் கழுவுவதால் யாருக்கும் மார்க் குறையாது. மகள் ஈருள்ளி (வெங்காயம்தான்) உரிக்கட்டும், கீரை ஆயட்டும். அத்தையிடம் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள், அவர்கள் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறைய வீடுகளில் இந்த மாதிரித் திட்டமெல்லாம் கடைசியில் ஒரு வயதான அம்மாவின் முதுகில்தான் போய் இறங்குகிறது. அவர்களும் "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ராத்திரி முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருப்பார்கள்.

இரண்டாவது, எங்கே சறுக்கும் என்று கேட்டீர்களே. மத்தியானச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் எப்படியோ நடந்துவிடும், சறுக்குவது சாயங்காலம் நாலரை மணிக்குத்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம், நீங்கள் இன்னும் பஸ்ஸில், வழியில் சாயாக்கடைக் கண்ணாடி அலமாரியில் ரசவடையும் பழபஜ்ஜியும், பக்கத்து பேக்கரியில் சூடாக பப்ஸ். அந்த வாசனையை உபதேசத்தால் வெல்ல முடியாது, வயிறு நிறைந்திருந்தால் வெல்லலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் எடுத்துத் தின்ன ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏத்தம்பழத்தை, அதாவது நேந்திரம்பழத்தை, தோலோடு இரண்டாக வெட்டி ஆவியில் புழுங்கி வைத்தால் போதும். அவலில் தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் போட்டு நனைத்து வைக்கலாம். காலையில் புட்டுக்கு வேகவைத்த கடலையில் ஒரு கை எடுத்து வைத்தால் அது சாயங்காலம் சுண்டல். சிறுகிழங்கும் சேம்பும் கிடைக்கும் காலமாக இருந்தால் அவித்து, காந்தாரி மிளகாயும் உப்பும் உள்ளியும் நசுக்கி, மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றிய துவையலோடு கொடுத்துப் பாருங்கள், பப்ஸை ஒரு வாரத்துக்காவது மறப்பார்கள். கணவருக்கும் இதில் ஒரு பங்கை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஆபீசில் நாலு மணி சாயாவோடு வரும் வடையில்தான் அவருடைய சபதம் முதலில் உடையும்.

மூன்றாவதாக, முப்பது நாளைக்கு முப்பது மெனு போடாதீர்கள். பத்திரிகைக்காரர்களான நாங்கள்தான் அந்த மாதிரி அட்டவணை போட்டு உங்களைப் பயமுறுத்துவோம். ஐந்தாறு கறி போதும், அதையே சுற்றிச் சுற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, தீயல் அரைப்பை மட்டும் தயார் செய்து வைத்தால் வாரத்தில் இரண்டு நாள் தப்பித்தீர்கள். தேங்காய்த் துருவலை ஈருள்ளி, கறிவேப்பிலை, கொஞ்சம் நல்லமிளகு சேர்த்துச் சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் ஈரம் போய்த் துருவல் உதிரியாகும், பிறகு ஓரத்தில் பொன்னிறம் வரும், அங்கிருந்து கருஞ்சிவப்புக்குப் போக அதிக நேரம் பிடிக்காது, அந்த நேரத்தில் யாராவது போனில் கூப்பிட்டால் எடுக்காதீர்கள். அடுப்பை அணைத்த பிறகும் சட்டிச் சூட்டில் இன்னும் கொஞ்சம் கறுக்கும், ஆகவே ஒரு படி முன்பே இறக்கி, மல்லிப்பொடியையும் மிளகாய்ப்பொடியையும் அந்தச் சூட்டிலேயே போட்டுப் புரட்டினால் போதும். ஆறியதும் தண்ணீர் விடாமல் அரையுங்கள், தேங்காயிலிருந்தே எண்ணெய் கசிந்து மைபோல இளகி வரும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் நாலு நாள் தாங்கும். புதன்கிழமை வேலை முடிந்து களைத்து வரும்போது உள்ளியோ கத்தரிக்காயோ வதக்கி, புளி கரைத்து ஊற்றி, இதை ஒரு கரண்டி போட்டால் சோறு வேகும் நேரத்துக்குள் தீயல் ரெடி.

கடைசியாகக் கொலஸ்ட்ரால். வீட்டில் பொரித்த வடை என்பதற்காக அது வழிவிட்டு ஒதுங்கி நிற்காது. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, தேங்காயிலேயே மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நான் தேங்காய்க்கு விரோதி கிடையாது, நாஞ்சில் நாட்டில் பிறந்துவிட்டு அப்படி இருக்கவும் முடியாது. ஆனால் அளவு வேண்டும். ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் எண்ணெய் என்று வைத்தால்கூட ஐந்து பேருக்கு மாதம் மூன்றே முக்கால் கிலோ, அதாவது நாலு லிட்டரை ஒட்டி வரும், அவருடைய பங்கு அதிலும் குறைய வேண்டும். உப்பு, உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம். ஒரு கிலோ பாக்கெட் உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்று உறைமேல் தேதி எழுதிப் பாருங்கள், ஊறுகாயிலும் கருவாட்டிலும் இருப்பது தனி. மாத்திரை கொடுத்திருந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டாம், மாதக் கடைசியில் மறுபடி ரத்தம் பார்ப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் தோசை மாவு, பப்படம், ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கில் வருமா, வராதா? எங்கள் வீட்டில் இதை வைத்து அடிதடியே நடக்கிறது.
*(மார்த்தாண்டம் வாசகர்)*

பதில்: பப்படத்தை வீட்டில் இடுகிறவர்கள் இன்றைக்கு எத்தனை பேர்? அதைத் தடை செய்தால் புட்டும் பயறும் கோபித்துக்கொள்ளும். அடுப்பேற்றுவது நம் வீட்டில் என்றால் கணக்கில் வரும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கடை மாவு, பப்படம் எல்லாம் உள்ளே வந்துவிடும். உடனே உங்கள் பையன் "அப்போ இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்?" என்பான். மசாலாப் பொட்டலம் உள்ளேயே வருகிற எதுவும் கிடையாது என்று இரண்டாவது விதியைப் போட்டு அவன் வாயை அடைத்துவிடுங்கள்.

சிப்ஸ் வெளியே. நம் ஊரில் கடை வாசலிலேயே உருளியில் எண்ணெய் கொதிக்க, ஏத்தங்காயைச் சீவல் கட்டையால் நேராக அதற்குள் சீவி, மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி தெளிக்கும்போது வரும் அந்தச் சத்தம், அதைக் கேட்டுக்கொண்டே கடந்துபோவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணெய் காலையிலிருந்து எத்தனை ஈடு கண்டது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கழிவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து நாட்டில் விதி இருக்கிறது. நல்ல கடைகள் எண்ணெயை மாற்றுகின்றன. எல்லாக் கடையும் நல்ல கடையா என்ன?

பழத்துக்கு எந்த விதியும் வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப்பழம் குலை குலையாக வாசலில் தொங்கும் ஊரில் இருந்துகொண்டு, பிள்ளைக்குப் பசிக்கிறது என்று பிஸ்கட் பாக்கெட் உடைப்பது எனக்கு எப்போதும் புரியாத விஷயம்.

கேள்வி: நாங்கள் ஜூன் மாதம் தொடங்கலாம் என்று இருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் என்று அப்போதுதான் நினைவு வந்தது. மீன் இல்லாமல் என் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வேறு மாதம் பார்க்கவா?
*(திங்கள்சந்தை வாசகி)*

பதில்: வேண்டாம், ஜூனிலேயே தொடங்குங்கள். இரண்டு கடலுக்கு நடுவில் இருப்பதால் நமக்குத் தடையும் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்பது ஜூன் முதல் பாதியில் மட்டும்தான். அப்போதும் வள்ளமும் கட்டுமரமும் போகும், கடல் விட்டால் சாளையும் நெத்தோலியும் வரும். விலை கூடுதலாக இருக்கும், அது உண்மை.

மீன் கிடைக்காத நாளுக்குக் கருவாடு இருக்கிறது, முட்டை இருக்கிறது, மாம்பழப் புளிசேரி இருக்கிறது. சக்கை (பலா) இருக்கிறதே! ஜூனில் மழையோடு சக்கையும் தோட்டத்தில் விழுந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே தூக்கித் தருவார்கள், சுளையை அவியலாகவும் கொட்டையை முருங்கைக்கீரையோடும் வைத்தால் நாலு நாள் கறிக்குக் கவலையில்லை. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து மீன்கறிக்குப் பதிலாக உள்ளி, மிளகாய், புளி வைத்து நசுக்கிய துவையலோடு சாப்பிடலாம். ஒன்று மட்டும் கவனம், கிழங்கைத் தோலும் உள்தோலும் போக உரித்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். உடம்புக்குள் சயனைடாக மாறக்கூடிய பொருள் அதில் உண்டு, கசப்புக் கிழங்கில் அதிகம். நம் பாட்டிமார் குக்கரில் போடாமல் பானையில் போட்டு வடித்தது சும்மா இல்லை.

இந்தக் கிழங்கை 1880-களில் திருவிதாங்கூரில் பரப்பியது விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது நம் பக்கத்து வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். அரிசி விலை கேட்டு மயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: ஒரு மாதம் வெளியில் சாப்பிடாவிட்டால் எவ்வளவு மிச்சமாகும்?
*(அழகியமண்டபம் வாசகர்)*

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வாரக் கடைசியில் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் பெரிய பில்தான் எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. அது மிச்சம்தான். ஆனால் அந்தப் பக்கம் மீன், தேங்காய், எண்ணெய், கேஸ் எல்லாம் கூடும். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது நம் ஊர்க் குடும்பத் தலைவிகள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நிஜமான மிச்சம் சில்லறையில் இருக்கிறது. தினம் இரண்டு சாயா, இரண்டு கடி, பிள்ளை கையில் கொடுக்கும் இருபது ரூபாய், பெட்ரோல் போடப் போன இடத்தில் வாங்கும் கூல்டிரிங்ஸ். தொடங்குவதற்கு முந்தின மாதமே இதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முந்தின மாதக் கணக்கு இல்லாமல் இந்த மாதம் மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஜி-பே பார்த்தால் தெரியும் என்பீர்கள், சாயாக்கடையில் நிறையப் பேர் இன்னும் சில்லறைதான் கொடுக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். காலையில் மீன் வாங்கி வைத்துவிட்டு சாயங்காலம் வந்து கறி வைக்கலாமா? மிஞ்சிய சோற்றையும் கறியையும் எத்தனை நாள் வைக்கலாம்?
*(நாகர்கோவில் வாசகி)*

பதில்: வாங்கின மீனைக் கழுவி ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போகலாம், பையோடு அடுக்களைத் திட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை மூன்றும் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும், அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. மீன் தின்றதும் முகம் சிவந்து உடம்பு தடிப்பதற்கு "மீன் ஒத்துக்கலை" என்று சொல்லுவோமே, அதில் பல நேரம் குற்றவாளி மீன் கிடையாது, ஐஸ் இல்லாமல் கிடந்த நேரம். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு, அடியில் ஐஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீன்கறி மறுநாள் ருசி கூடும் என்பது நிஜம். ராத்திரியே ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், மறுநாள் தேவையானதை மட்டும் தனியாக எடுத்துக் கொதிக்கவிடுங்கள், சட்டியோடு தினமும் சூடாக்காதீர்கள். சோறுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. வெந்த பிறகும் பிழைத்திருக்கும் ஒரு கிருமி அதில் உண்டு, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் அது பெருகி நஞ்சை விட்டுவிடும், சூடு பண்ணினால் கிருமி சாகும், நஞ்சு இருக்கும். ராத்திரி மிஞ்சியது ஃப்ரிட்ஜ், மறுநாளோடு முடிவு. தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கினால் காலையிலேயே உள்ளியும் மோரும் சேர்த்துக் குடித்துவிடுங்கள், மத்தியானத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: வயது அறுபத்தொன்று. மனைவி மகளின் பேறுகாலத்துக்குப் போயிருக்கிறாள், வர மூன்று மாதம் ஆகும். எனக்குச் சாயா போட மட்டும்தான் தெரியும். இதுவரை ஓட்டல்தான். நானும் இந்த ஒரு மாதத்தில் சேரலாமா, சிரிப்பீர்களா?
*(பூதப்பாண்டி வாசகர்)*

பதில்: அண்ணாச்சி, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான். தாராளமாகச் சேருங்கள். சாயா போடத் தெரிந்தவருக்குக் கஞ்சி வைக்கத் தெரியும், இரண்டிலும் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை.

சம்பா அரிசி ஒரு சிறு தம்ளர் எடுத்து மூன்று தண்ணீரில் கழுவுங்கள். குக்கரில் ஆறு தம்ளர் தண்ணீரும் உப்பும் போட்டு, அரிசி குண்டாக இருந்தால் ஆறேழு விசில். ஆவி தானாக அடங்கும் வரை மூடியில் கை வைக்காதீர்கள். சிறுபயறைத் தனியாக வேகவிட்டு, தேங்காய்த் துருவல், சீரகம், பச்சைமிளகாய், ஒரு பல் பூண்டு நசுக்கிப் போட்டுப் புரட்டி இறக்குங்கள். பப்படத்தைப் பொரிக்க வேண்டாம், இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் இரண்டு நொடியில் குமிழ் விடும், புரட்டுங்கள், அவ்வளவுதான், மூன்றாவது நொடி கரி. வத்தல் மிளகாயையும் அதே தீயில் சுட்டு, தேங்காய், புளி, உப்போடு தண்ணீர் கம்மியாக அரைத்தால் துவையல். இதை முதல் வாரம் முழுக்க ராத்திரிக்குச் சாப்பிட்டாலும் அலுக்காது. இரண்டாவது வாரம் சாளை பொரிக்கப் பழகுங்கள், மீன்காரியிடம் கேட்டால் வெட்டியே தந்துவிடுவாள். மூன்றாவது வாரம் ரசம். சாம்பார் பக்கம் போகாதீர்கள், அதற்கு அவசரமில்லை. மனைவிக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம், சொன்னால் ஒரு மணிக்கொரு தரம் போன் போட்டு உப்பு போட்டாச்சா என்று கேட்பார்கள்.

கேள்வி: இந்த ஒரு மாதத்தில் கல்யாணம், கோயில் கொடை வந்தால் என்ன செய்வது? மண்டைக்காடு அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட்டால் அது வீட்டுச் சாப்பாடா, வெளிச் சாப்பாடா?
*(இரணியல் வாசகி)*

பதில்: மண்டைக்காடு மணலில் மூன்று கல் கூட்டி, சொந்தக் கையால், வீட்டிலிருந்து கொண்டுபோன அரிசியில் பொங்கியதை வெளிச் சாப்பாடு என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அங்கே நேர்ச்சையாகச் செய்யும் மண்டையப்பமும் அதே கணக்கு.

கல்யாண வீட்டுக்குப் போய் "நாங்க ஒரு மாசம் வெளிய சாப்பிடல" என்று சொல்லிவிட்டுக் கைகழுவி வந்தால், அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தச் சொந்தக்காரர் அதைச் சொல்லிக் காட்டுவார். உட்கார்ந்து சாப்பிடுங்கள். பருப்பு, சாம்பார், புளிசேரி என்று வரிசையாக வந்து, பிரதமன் இலையில் விழுந்ததும் மட்டிப்பழத்தை உரித்து, பப்படத்தை நொறுக்கி, மூன்றையும் சேர்த்துப் பிசைந்து கையாலேயே வழித்துத் தின்னாமல் எழுந்திருப்பது நம் ஊரில் பாவம். ஆனால் திருவிழாக் கடைகள் வேறு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர் என்று போனால் சாமி கும்பிட்டுவிட்டு, பலூன் வாங்கிவிட்டு, மிட்டாய்க் கடையை மட்டும் தாண்டி வந்துவிடுங்கள். தாண்ட முடியாவிட்டால் ஒரு பொட்டலம் வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள், அதற்காக மறுநாளே திட்டத்தைக் கைவிட்டுப் புரோட்டாக் கடையில் போய் உட்காராதீர்கள். "உடைஞ்சது உடைஞ்சு போச்சு" என்ற அந்தச் சாக்குதான் ஒரு பொட்டலம் மிட்டாயைவிடக் கெடுதல்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. எங்க வீட்டிலயும் இதைத் தொடங்கிட்டாங்க. என் பிறந்தநாள் அந்த மாசத்துலதான் வருது. பேக்கரி கேக் கிடையாதுன்னு அப்பா சொல்லிட்டார். இது நியாயமா?
*(குலசேகரம் வாசகர்)*

பதில்: நியாயம் இல்லைதான் தம்பி. கேக் இல்லாத பிறந்தநாளை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால் வீட்டிலேயே செய்யச் சொல்.

ஓவன் வேண்டாம், குக்கர் போதும். நன்றாகக் கறுத்துப் பழுத்த ஏத்தம்பழம் இரண்டை மசி. முட்டை இரண்டு, சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப் மூன்றையும் நுரை வரும் வரை அடித்துப் பழத்தோடு சேர். கோதுமை மாவு ஒன்றரை கப்போடு பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடி கலந்து சலித்து, மெதுவாக அதில் கலந்துவிடு, ரொம்ப அடிக்காதே. எண்ணெய் தடவிய அலுமினியப் பாத்திரத்தில் பாதி அளவுக்கு ஊற்று. குக்கரில் தண்ணீர் வைக்கக்கூடாது, உள்ளே ஒரு ஸ்டாண்ட் மட்டும், ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும், பத்து நிமிஷம் வெறும் குக்கரைச் சூடாக்கிவிட்டுப் பாத்திரத்தை உள்ளே இறக்கி, மிகச் சிறு தீயில் நாற்பது நிமிஷம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும், ஒட்டினால் இன்னும் அஞ்சு நிமிஷம். குக்கரைத் தொடுகிற வேலையெல்லாம் பெரியவர்கள் செய்யட்டும்.

இந்தப் பக்கத்தை அப்பாவிடமே காட்டு. முட்டை அடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவர் வேலை என்று நான் சொன்னதாகச் சொல்லு, அம்மாவிடம் தள்ளிவிட்டால் அடுத்த இதழுக்கு எழுது.